புற்றுநோய் வினைப்பயனா?
(தஞ்சைப் பகுதியில் நெல் விளையும் கிராமமொன்றில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



புற்றுநோயைப் பற்றி இங்கு பேச வேண்டுமென்று தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் வைத்தியனல்ல. ஊசி போடவோ, மருந்து கொடுக்கவோ எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் இந்த நோயின் பேரால் நம் நாட்டில் ஜோசியனும் பூசாரியும் லேகியம் விற்கிறவனும் பேசுகிற பேச்சைப் பார்க்கும்போது, நாலு புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொண்ட எவனும் வாயை மூடிக்கொண்டிருப்பது நியாயமல்ல என்று தோன்றியதால் ஒப்புக்கொண்டேன். நான் சொல்லுவதையும் உங்கள் அறிவைக்கொண்டு பரிசீலித்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் நெல் சாகுபடி செய்கிறவர்கள். நாற்றங்காலில் விதை தெளிக்கும் முன்பு ஒரு கிலோ விதைக்கு 2 கிராம் வீதம் கார்பெண்டாசிம் என்கிற மருந்தைக் கலந்து விதை நேர்த்தி செய்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் பாவிஸ்டின் என்று பாக்கெட்டில் கொடுப்பதும் அதுவேதான். எதற்காகக் கலக்கிறோம்? குலைநோய் முதலிய பூஞ்சாண வியாதிகள் வராமலிருப்பதற்காக. அந்த மருந்து பூஞ்சாணத்தை எப்படி ஒழிக்கிறது என்று யாராவது யோசித்ததுண்டா? அது நெருப்பைப்போல் சுடுவதில்லை, கத்தியைப்போல் வெட்டுவதுமில்லை. பூஞ்சாணத்தின் ஓர் அணு இரண்டாகப் பிரிந்து பெருகப் போகிற சமயத்தில் அதன் உள்ளே புகுந்து, பிரிய முடியாதபடி நடுவழியில் நிறுத்திவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. பெருக முடியாத பூஞ்சாணம் பயிரை என்ன செய்ய முடியும்?

ஆகவே தோழர்களே, கண்ணுக்குத் தெரியாத ஒரு வஸ்து, உயிருள்ள ஓர் அணுவுக்குள் நுழைந்து, அது பெருகுவதா நிற்பதா என்பதையே மாற்றிவிட முடியும் என்கிற விஷயத்தை நீங்கள் உங்கள் கையாலேயே செய்து பார்த்திருக்கிறீர்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவதில் இதற்கு மேல் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது.

மனித சரீரத்தில் சுமார் 30 லட்சம் கோடி அணுக்கள் இருப்பதாக விஞ்ஞானிகள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இவற்றில் பலவகை அணுக்கள் ஓயாமல் செத்து, ஓயாமல் புதிதாகப் பிறந்துகொண்டிருக்கின்றன. ரத்தத்தின் சிவப்பணு நான்கு மாதத்துக்கு மேல் இருப்பதில்லை. குடலின் உள்தோல் சில நாளைக்கு ஒரு தடவை புதிதாகிறது. புதிய அணு ஆகாயத்திலிருந்து வருவதில்லை. இருக்கிற அணு இரண்டாகப் பிரிந்துதான் வர வேண்டும். அப்படிப் பிரிவதற்கு முன்பு, தன்னிடமுள்ள டி.என்.ஏ. என்கிற ஏட்டை முழுவதும் ஒரு தடவை பிரதி எடுத்தாக வேண்டும். அந்த ஏட்டில் தாய் வழியாக 300 கோடி எழுத்து, தகப்பன் வழியாக 300 கோடி எழுத்து. எல்லாம் 46 கட்டுகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. இவ்வளவையும் பிரதி எடுத்து, இரண்டு பங்காகச் சரிசமமாய்ப் பாகம் பிரித்துக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் இரண்டு மா நிலத்தைப் பாகம் பிரிப்பதற்கே எத்தனை வழக்கு நடக்கிறது!

இவ்வளவு பெரிய வேலை தாறுமாறாய்ப் போகாமலிருப்பதற்கு அணுவுக்குள் மதகுகள் இருக்கின்றன. கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்பதற்காக எல்லா ஷட்டரையும் ஒரேயடியாய்த் தூக்கிவிடுவதில்லை அல்லவா? கீழே கரை எங்காவது உடைந்திருக்கிறதா, வேலை முடிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் லஸ்கர் திறக்கிறார். அதைப்போலவே, ஏட்டைப் பிரதி எடுக்க ஆரம்பிக்குமுன் ஒரு மதகு: ஏடு பழுதாகியிருந்தால் திறக்காது. பிரதி எடுத்து முடிந்தபின் இரண்டாவது மதகு: பிரதி அரைகுறையாயிருந்தால் திறக்காது. பாகம் பிரிக்கும் இடத்தில் மூன்றாவது மதகு. ஒவ்வொரு கட்டையும் இரண்டு பக்கத்திலிருந்தும் மெல்லிய வடங்கள் பிடித்திருக்க வேண்டும். திருவாரூர்த் தேரை எல்லாரும் ஒரே பக்கமாய் இழுப்பார்கள். இங்கே வடம் இரு பக்கமும் இழுக்கும். ஒரே ஒரு கட்டுக்கு வடம் மாட்டப்படாமல் இருந்தாலும் மதகு திறக்காமல் காத்துக்கொண்டிருக்கும்.

இந்தக் காவலைக் கண்டுபிடித்த வரலாற்றில் நமக்கு வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்ட்வெல் என்பவரும், இங்கிலாந்தில் பால் நர்ஸ், டிம் ஹண்ட் என்பவர்களும் 2001-ம் வருஷம் இந்த அணுச் சுழற்சிக்காக நோபல் பரிசு பெற்றார்கள். ஹார்ட்வெல் ஆராய்ந்தது ஈஸ்ட் என்கிற பூஞ்சாணத்தை. அதாவது ரொட்டி மாவை உப்ப வைப்பதும், நம் கள்ளுப்பானையில் நுரை பொங்க வைப்பதுமான அதே ஜீவனை. நர்ஸ் வேறொரு ஜாதி ஈஸ்டை எடுத்துக்கொண்டார். அதில் பிரிவினையைத் தொடங்கி வைக்கும் ஜீன் பழுதாகியிருந்தது. அதற்கு 1987-ல் மனிதனுடைய ஜீனை எடுத்து உள்ளே வைத்தார்கள். ஈஸ்ட் ஒழுங்காகப் பிரிந்து பெருகியது! மனிதனுக்கும் ஈஸ்டுக்குமே இந்தச் சாவி ஒன்றாயிருக்கிறது. அப்படியிருக்க, ஒருவன் முகத்தில் பிறந்தான், இன்னொருவன் காலில் பிறந்தான், ஆகையால் இருவர் உடம்பும் வேறு வேறு என்று சொல்லுகிற சாஸ்திரக்காரரை என்னவென்று சொல்லுவது? அந்தச் சாஸ்திரம் எழுதினவருடைய அணுவும் இதே சாவியைப் போட்டுத்தான் திறந்தது.

மூன்றாவது மதகின் கதையில் நம் விதை நேர்த்தி மருந்தே வருகிறது. பெனோமில் என்றொரு பூஞ்சாணக்கொல்லி உண்டு. அது உடைந்தால் கார்பெண்டாசிம் ஆகும். (2018-ல் இந்தியாவில் பெனோமில் தடை செய்யப்பட்டுவிட்டது.) 1991-ல் அமெரிக்காவில் சில ஆராய்ச்சியாளர்கள் ஈஸ்டுக்கு இந்தப் பெனோமிலைக் கொடுத்தார்கள். மருந்து பட்டதும் வடங்கள் தளர்ந்துவிட்டன. சாதாரண ஈஸ்ட் என்ன செய்தது? வடம் சரியாகும் வரையில் பிரியாமல் காத்திருந்தது. ஆனால் சில ஈஸ்டுகள் மாத்திரம் காத்திராமல், வடம் மாட்டாத கட்டுகளோடு அவசரப்பட்டுப் பிரிந்து, தாறுமாறாய்ப் பங்கு போட்டுச் செத்தன. காத்திராத ஈஸ்டில் எந்த ஜீன் கெட்டிருக்கிறதென்று தேடிப் பார்த்தபோது மதகின் காவற்காரர்கள் அகப்பட்டார்கள். விஷத்தைக்கொண்டே காவலைக் கண்டுபிடித்தார்கள். ஞானதிருஷ்டியில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இப்போது வேதாரண்யத்துக்கு வாருங்கள். அந்தப் பக்கத்து வேலிகளில் கார்த்திகை மாதத்தில் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்துக் கிடக்கும் செங்காந்தளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று சொல்லுவதும் அதைத்தான். தமிழ்நாட்டு அரசாங்கத்தின் மாநில மலர். புலவர்கள் இதைப் பெண்களின் விரலுக்கு ஒப்பிட்டு ஒப்பிட்டு இரண்டாயிரம் வருஷம் கழித்தார்கள். அந்த விரலுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அதன் விதையிலும் கிழங்கிலும் இருப்பது கோல்ச்சிசின் என்கிற ரசாயனம். அதற்காகத்தான் அதன் விதையை வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகள் விலை கொடுத்து வாங்குகின்றன. வடத்தைத் திரிப்பதற்கு அணுவிடம் டியூபுலின் என்ற துண்டுகள் இருக்கின்றன. கோல்ச்சிசின் அந்தத் துண்டைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். வடம் திரியாது. மூன்றாவது மதகு திறக்காது. அணு நடுவழியில் அப்படியே நிற்கும்.

இதைச் செடிக்குக் கொடுத்தால் ஏடு இரட்டித்தும் அணு பிரியாமல் போய், இரட்டைப் பங்கு ஏட்டோடு தடித்த இலையும் பெரிய பூவுமான செடிகள் உண்டாகும். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த ஜானகி அம்மாள் பிறகு இங்கிலாந்து சென்று, விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா செடிகளுக்கு கோல்ச்சிசின் கொடுத்து இவ்விதம் செய்தார். அந்த அம்மாள் 1897-ல் தலைச்சேரியில், தீயர் வகுப்பில் பிறந்தவர். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, கீழ்ஜாதிக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்ட நாட்டில் பிறந்து, கலியாணம் செய்துகொள்ளாமல் 1984 வரை அணுவின் ஏட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஒரு எச்சரிக்கை. செங்காந்தளின் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று உயிர்விட்டவர்கள் உண்டு. முதலில் வாந்தியும் பேதியும். பிறகு ரத்த அணு குறையும். பிழைத்தவர்க்கு மயிர் கொட்டும். ஏன் குடலும் ரத்தமும் மயிரும்? ஓயாமல் அணு பிரிகிற இடங்கள் அவைதான். நாட்டு வைத்தியம் என்று யார் கொடுத்தாலும் அந்தக் கிழங்கைத் தொடாதீர்கள். பெரிய வைத்தியர்களே இதைக் கீல்வாதம் முதலிய சிலவற்றுக்குச் சொற்ப அளவில்தான் கொடுக்கிறார்கள். புற்றுநோய்க்கு இது உதவாது. நோயாளியையே முந்திக் கொன்றுவிடும்.

புற்றுநோய்க்கு உதவியது இன்னொரு செடி. நித்தியகல்யாணி என்று ஒரு ஊரில் பெயர். அதையே சுடுகாட்டுப் பூ என்று இன்னொரு ஊரில் சொல்லி வீட்டில் வைக்க மாட்டார்கள். ஒரே செடிக்குக் கல்யாணமும் சுடுகாடும்! செடிக்கு இரண்டும் தெரியாது. இது நம் நாட்டுச் செடியுமல்ல. மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. ஆகவே ‘எங்கள் ரிஷிகள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்’ என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். 1952-ல் ஜமைக்காவிலிருந்து இதன் இலை, நீரிழிவுக்கு நல்லதென்று ஜனங்கள் சொல்லுகிறார்கள் என்ற குறிப்போடு, கனடாவிலுள்ள ராபர்ட் நோபிள் என்பவருக்கு வந்தது. அவரும் சார்லஸ் பீர் என்பவரும் சோதித்ததில் சர்க்கரை குறையவேயில்லை. நம்மவர்களாயிருந்தால் ‘பத்தியம் தவறிவிட்டது’ என்று சொல்லி முடித்திருப்பார்கள். அவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள்: மருந்து செலுத்திய எலிகளுக்கு ரத்தத்தில் வெள்ளணு மளமளவென்று குறைந்தது. வெள்ளணுவைக் குறைக்குமானால், வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகுகிற ரத்தப் புற்றுக்கு ஏன் உதவாது என்று யோசித்தார்கள். 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற மருந்து வெளியாயிற்று. அதற்குத் தம்பியான வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்க அரசாங்கம் 1963-ல் அனுமதி கொடுத்தது. இதுவும் டியூபுலினைப் பிடித்து, வடத்தைத் திரியவிடாமல் செய்து, மூன்றாவது மதகில் அணுவை நிறுத்திச் சாகடிப்பதுதான். ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் விவசாயிகள் பயிரிட்டு அனுப்பும் இலையும் அதற்காகத்தான். அதனால் இரண்டு இலையைப் பறித்துக் கஷாயம் வைத்துக் குடித்தால் புற்று போகும் என்று யாராவது சொன்னால், அவன் கணக்குத் தெரியாதவன்.

இதற்குச் சற்று முந்தி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பவர் தலைமையில் செய்யப்பட்ட ஒரு மருந்தை, டாக்டர் பார்பர் என்பவர் ரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். அது ஏட்டைப் பிரதி எடுக்கும் வேலையையே தடுக்கும் மருந்து. 16 குழந்தைகளில் 10 பேருக்குக் கொஞ்ச காலத்துக்காவது நோய் தணிந்தது. இது 1948-ல் வெளியான செய்தி. அதற்கு முன் அந்த நோய் வந்த குழந்தைகள் பிழைத்ததாகப் பேச்சே இல்லை. இன்று நல்ல வைத்தியம் கிடைக்கிற நாடுகளில் பத்துக்கு எட்டுக் குழந்தைகளுக்கு மேல் பிழைத்துப் பள்ளிக்கூடம் போகின்றன. மூன்று வயதுக் குழந்தைக்கு வந்தது பூர்வ ஜன்மத்து வினையானால், அந்த வினையைச் சுடுகாட்டுப் பூவின் சாறு எப்படிக் கரைத்தது? ஒரு செடியின் சாறு தடுக்கக்கூடிய கர்மம் என்ன கர்மம்?

சரி, மதகு ஏன் கெடுகிறது? முதல் மதகின் தலைமைக் காவற்காரனுக்கு பி-53 என்று பெயர். 1979-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு புரதம் அது. ஏட்டில் பழுது கண்டால் மதகை மூடச் சொல்லும். பழுது பார்க்க முடியாவிட்டால் அந்த அணுவையே தற்கொலை செய்துகொள்ளச் சொல்லும். மனிதர்க்கு வரும் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இந்தக் காவற்காரன் கெட்டுப் போயிருப்பதைக் காண்கிறார்கள். (கும்பகோணம் காப்பியிலுள்ள காபின்கூட, பழுது கண்டு மூடிய மதகைத் திறந்துவிடும் என்று ஆராய்ச்சிச் சாலையில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த அளவைக் குடித்து எட்ட வேண்டுமானால் அதற்கு முன்பே ஆள் போய்விடுவான். ஆகையால் கூட்டம் முடிந்து காப்பி சாப்பிடுவதற்கு ஆட்சேபணையில்லை.)

காவற்காரனைக் கெடுப்பது யார் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஈரத்தில் கிடந்து பூஞ்சாணம் பிடித்த வேர்க்கடலையிலும் தானியத்திலும் அப்ளாடாக்சின் என்ற விஷம் உண்டாகும். அதை நெடுநாள் தின்று கல்லீரலில் புற்று வந்தவர்களின் பி-53 ஜீனை 1991-ல் படித்துப் பார்த்தபோது, பலருக்கும் 249-வது இடத்தில் ஒரே எழுத்து ஒரே விதமாய் மாறியிருந்தது. ஆப்பிரிக்காக்காரனுக்கும் அப்படி, சீனாக்காரனுக்கும் அப்படி. அந்த விஷம் எந்த எழுத்தை எப்படி மாற்றும் என்று தனியாகச் சோதித்தாலும் அதே மாற்றம். தோழர்களே, ரசாயனம் கைரேகை வைத்துவிட்டுப் போகிறது. வினை எங்கே ரேகை வைத்திருக்கிறது? சீர்காழிக்குப் பக்கத்தில் வைத்தீஸ்வரன் கோவிலில் 4448 வியாதிக்கும் மருந்தென்று சாந்துருண்டை கொடுக்கிறார்கள். உப்பும் மிளகும் கொட்டச் சொல்லுகிறார்கள். வெளியே வந்தால் பூர்வ ஜன்மத்தைச் சொல்ல நாடி ஏட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். பி-53-ல் 249-வது இடத்தைப் பற்றி எந்த நாடி ஏட்டிலாவது எழுதியிருக்கிறதா? புற்று என்று டாக்டர் சொன்னால் பால் ஊற்றக் கிளம்புகிற ஜனங்களாய் நாம் இருக்கிறோம்.

இதையெல்லாம் கேட்டுக் கை தட்டுகிற நம் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு கேட்கிறீர்கள் என்பது மேடையிலிருந்தே தெரிகிறது. நெற்றியில் பூசியதை அழித்துவிட்டு, வாய்க்குள் வைத்ததை மாத்திரம் பயபக்தியோடு காப்பாற்றுவது என்ன பகுத்தறிவு? வாய்ப் புற்று பெரும்பாலும் எந்தப் பக்கத்தில் வருகிறது தெரியுமா? புகையிலையை எந்தப் பக்கம் அடக்குகிறாரோ அந்தப் பக்கத்தில்! கர்மத்துக்கு வலது கன்னம், இடது கன்னம் தெரியுமா? புகையிலையிலுள்ள நைட்ரோசமைன் என்ற வஸ்துகள் டி.என்.ஏ.யில் ஒட்டிக்கொண்டு எழுத்தைக் கெடுக்கின்றன. சரி, புகையிலையை விட்டுச் சீவல் மட்டும் போடுகிறேன் என்பவருக்கும் தப்பில்லை. பாக்கே புற்று உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2004-ல் வெளியிட்டது. 2022-ம் வருஷத்தில் மாத்திரம், மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் உலகத்தில் சுமார் 1,20,000 பேருக்கு வாய்ப் புற்று வந்ததாகவும், அதில் 83,000 பேர் இந்தியர்கள் என்றும் அதே கழகம் கணக்கிட்டிருக்கிறது. கொடிக்கால் வைத்திருக்கும் தோழர்கள் என்மேல் கோபிக்க வேண்டாம். வெற்றிலையின் மீது நான் குற்றம் சொல்லவில்லை. அதோடு சேருகிற கூட்டாளிகளைத்தான் சொல்லுகிறேன்.

சேற்றில் குனிந்து நாள் முழுவதும் நாற்று நடுகிற தாய்மார்கள் ஏன் புகையிலை போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. பசியை மறக்கப் போடுகிறார்கள். வேளைக்குச் சோறும், நடுவில் இளைப்பாற நேரமும் கொடுக்காத முதலாளி, புகையிலைக்கு மாத்திரம் தடை சொல்லுவதில்லை. ஆகவே புற்று வந்த அம்மாளைப் பார்த்து, ‘நீ போட்டாய், அனுபவிக்கிறாய்’ என்று சொல்லுகிறவனை நான் பகுத்தறிவுக்காரன் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது கர்மத்துக்கே வேறு பெயர் வைப்பதாகும். பாக்கையும் புகையிலையையும் தொட்டே பாராதவர்களுக்கும் புற்று வருகிறது. பிரதி எடுக்கும்போது தானாக நேரும் எழுத்துப் பிழையாலும் வருகிறது. பெண்களின் கர்ப்பப்பை வாயில் வருவதற்கு ஒரு வைரஸ் காரணம். அது செய்கிற வேலையும் பி-53-ஐ ஒழித்துக்கட்டுவதுதான்.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நீங்கள் தேவதாசி முறை ஒழிப்புக்காக அறிவீர்கள். பொட்டுக் கட்டுவது சாஸ்திரம் என்று கூச்சல் போட்டவர்கள் மத்தியில் நின்று வாதாடியவர். அவருடைய சகோதரி புற்றுநோயால் இறந்தார். தலையெழுத்து என்று அழுதுவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். அங்கேயும் பிற இடங்களிலும் கொடுக்கும் மருந்துகள் பலவும் நான் சொன்ன மதகுகளில் அணுவை நிறுத்துகிறவையே. 2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பல்போசிக்ளிப் என்பது முதல் மதகையே மூடி வைத்து, மார்புப் புற்றில் சிலவகைகளைத் தடுக்கிறது.

ஆனால் எந்த மருந்தும், நோய் கழுத்துக்கு இறங்கின பிறகு போனால், பாதி வேலைதான் செய்யும். வேண்டுதல், மந்திரித்தல், சாந்துருண்டை என்று நாம் கழிக்கிற ஆறு மாதமும் அந்த அணுக்கள் மதகில்லாமல் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஆகையால் இன்றிரவு வீட்டுக்குப் போனதும் டார்ச் விளக்கை எடுத்து, கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, ஈறு எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், இரண்டு வாரமாய் ஆறாத புண் இருந்தாலும், வாயை முன்போல் அகலத் திறக்க முடியாவிட்டாலும், வலியில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பத்தில் வலி இருக்காது. அடுத்த பஸ்ஸில் தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். போகும்போது ரேஷன் கார்டையும் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாதகம் வேண்டாம், அங்கே அதை வாங்கி வைக்க இடமில்லை.